தன்னைத் தேர்ந்தெடுத்த நாட்டுக்கே எதிராகத் தீர்ப்பளித்தார்! ஹாலந்து நீதிபதி லோமனின் வாழ்க்கை

வரப்புக்காக இரண்டு பேர் சண்டை போட்டால் பஞ்சாயத்து இருக்கிறது. அங்கே தீராவிட்டால் கோர்ட்டு இருக்கிறது. இரண்டு நாடுகள் சண்டை போட்டால் எங்கே போவது? நெடுங்காலமாக அதற்கு ஒரே இடம்தான் இருந்தது. அது போர்க்களம்!

இந்த நிலையை மாற்ற வேண்டும் என்று 1899-ம் ஆண்டு 26 நாடுகளின் பிரதிநிதிகள் ஹாலந்தில் உள்ள ஹேக் நகரில் கூடினார்கள். நாடுகளின் வழக்கைத் தீர்க்க ஒரு நிரந்தர மத்தியஸ்த கோர்ட்டை ஏற்படுத்தினார்கள். அந்தக் கோர்ட்டின் முதல் வழக்கிலேயே நீதிபதியாக அமர்ந்தவர்களில் ஒருவர், ஹாலந்து நாட்டு அரசியல் தலைவர் லோமன். இந்தியப் புரட்சிக்காரர் சாவர்க்கர் பற்றிய வழக்கு அந்தக் கோர்ட்டுக்கு வந்தபோதும் அவர் நீதிபதியாக இருந்தார்.

பிரபு வீட்டுப் பிள்ளை

அவருடைய முழுப் பெயர் அலெக்சாண்டர் பிரெடரிக் டி சவோர்னின் லோமன். 1837-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி, ஹாலந்தின் வடக்கே உள்ள குரோனிங்கன் நகரில், பிரபு வம்சத்தில் பிறந்தார். அதே ஊரில் சட்டம் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். இளம் வயதிலேயே நீதிபதி ஆனார். 20 ஆண்டுகளுக்கு மேல் சொந்த நாட்டுக் கோர்ட்டுகளில் வழக்கு விசாரித்தார்.

சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அதன்படி நடக்க வேண்டும். நண்பருக்கு ஒரு நியாயம், எதிரிக்கு ஒரு நியாயம் கூடாது. இதுவே அவர் கடைசி வரை கொண்டிருந்த கொள்கை. அந்தக் கொள்கை அவருக்குப் புகழும் தந்தது. பெரும் சோதனைகளையும் தந்தது.

பள்ளிக்கூடச் சண்டை

1879-ம் ஆண்டு லோமன் பாராளுமன்ற அங்கத்தினர் ஆனார். அப்போது ஹாலந்தில் பெரிய தகராறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. சர்க்கார் பள்ளிக்கூடங்களுக்கு மட்டுமே சர்க்கார் பணம் கிடைத்தது. தங்கள் மதத்தைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க விரும்பிய பெற்றோர், அந்தப் பள்ளியின் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும். சர்க்காருக்கு வரியும் கட்ட வேண்டும். ஒரு பிள்ளையின் படிப்புக்கு இரண்டு செலவு! கூலி வேலை செய்யும் குடும்பங்கள் என்ன செய்யும்?

புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்களும் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களும் அங்கே பரம்பரைப் பகைவர்கள். ஆனால் இந்த விஷயத்தில் இருவருக்கும் ஒரே குறை. இரு தரப்பாரும் கைகோத்து 1888-ம் ஆண்டு தேர்தலில் வெற்றி பெற்றார்கள். மறு ஆண்டே மதப் பள்ளிகளுக்குச் சிறிதளவு பண உதவி கிடைத்தது. 1890-ம் ஆண்டு லோமன் உள்நாட்டு மந்திரி ஆனார். அந்த ஆண்டுதான் மன்னர் மூன்றாம் வில்லியம் இறந்து, அவருடைய மகள் வில்ஹெல்மினா 10 வயதில் ராணி ஆனாள். அடுத்த ஆண்டு தேர்தலில் மந்திரிசபை தோற்றது. லோமன் பதவியை விட்டு இறங்கினார்.

நண்பரைப் பிரிந்தார்

லோமனின் நெருங்கிய தோழர் ஆபிரகாம் கைப்பர். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஒரே கட்சி. கைப்பர் ஆம்ஸ்டர்டாம் நகரில் நிறுவிய பல்கலைக் கழகத்தில், 1884-ம் ஆண்டு முதல் லோமன் சட்டப் பேராசிரியராக இருந்தார்.

1894-ம் ஆண்டு ஒரு மசோதா இந்த நட்பை முறித்தது. எழுதத் தெரிந்த, சொந்த உழைப்பில் வாழும் ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமை கொடுக்க அது வழி செய்தது. சாதாரண மக்களின் தலைவரான கைப்பர் அதை ஆதரித்தார். அரசியல் சட்டம் அத்தனை பேருக்கு ஓட்டுரிமை தர இடம் கொடுக்கவில்லை என்று லோமன் எதிர்த்தார்.

கட்சி இரண்டாக உடைந்தது. சில ஆண்டுகளுக்குள் லோமன் பேராசிரியர் வேலையையும் விட நேர்ந்தது. ஏழைகளின் ஓட்டுரிமைக்குக் குறுக்கே நின்ற பிரபு என்று பலர் அவரைக் கருதினார்கள். அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

முதல் வழக்கு

1902-ம் ஆண்டு ஹேக் கோர்ட்டுக்கு முதல் வழக்கு வந்தது. அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் தகராறு. கலிபோர்னியாவில் கத்தோலிக்க மதப் பணிக்காகப் பக்தர்கள் கொடுத்த சொத்துக்களை, 1842-ம் ஆண்டு மெக்சிகோ சர்க்கார் எடுத்துக்கொண்டது. அதற்குப் பதிலாக ஆண்டுதோறும் வட்டி தருவதாக ஒப்புக்கொண்டது. கலிபோர்னியாவின் வட பகுதி 1848-ம் ஆண்டு அமெரிக்காவின் கைக்குப் போனது. வட்டி வரவில்லை. அங்குள்ள பிஷப்புகளுக்காக அமெரிக்கா வழக்காடியது.

இந்தக் கோர்ட்டில் ஒரு விசேஷம் உண்டு. வழக்காடும் நாடுகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும். அமெரிக்கா இருவரைத் தேர்ந்தெடுத்தது. மெக்சிகோ இருவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த நால்வரும் சேர்ந்து ஐந்தாவது நீதிபதியைத் தேர்ந்தெடுத்தார்கள். மெக்சிகோ தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர் லோமன்.

பணம் கேட்டவர்கள் கத்தோலிக்கப் பிஷப்புகள். லோமனோ புராட்டஸ்டண்டுத் தலைவர். அவரைத் தேர்ந்தெடுத்ததும் மெக்சிகோ. அவர் எந்தப் பக்கம் சாய்வார்?

அக்டோபர் 14-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக மெக்சிகோவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள்! பாக்கித் தொகையாக 14 லட்சத்து 20 ஆயிரம் மெக்சிகோ டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். இனி ஆண்டுதோறும் 43 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வர வேண்டும் என்று கூறினார்கள். இந்தச் சச்சரவில் முன்பே ஒரு மத்தியஸ்தத் தீர்ப்பு வந்திருந்தது. அதை இரு நாடுகளும் மீற முடியாது என்பதே அவர்கள் சொன்ன முக்கியமான காரணம்.

1905-ம் ஆண்டு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே ஒரு வழக்கு வந்தது. அரபிக் கடலோரம் உள்ள மஸ்கட்டின் பாய்மரக் கப்பல்களுக்குப் பிரான்ஸ் தன் கொடியைக் கொடுத்து வந்தது. அது சரியா என்பது கேள்வி. இந்தத் தடவை லோமனைத் தேர்ந்தெடுத்தது பிரான்ஸ். கொடி கொடுக்கும் உரிமைக்குப் பல கட்டுப்பாடுகளை விதித்தது தீர்ப்பு.

சாவர்க்கர் வழக்கு

1910-ம் ஆண்டு ஜூலை மாதம். லண்டனில் கைது செய்யப்பட்ட சாவர்க்கரை, விசாரணைக்காக மோரியா என்ற கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். கப்பல் பிரான்சில் உள்ள மார்சேல்ஸ் துறைமுகத்தில் நின்றது. 8-ந் தேதி காலையில் சாவர்க்கர் கப்பலின் சிறு ஜன்னல் வழியே கடலில் குதித்தார். நீந்திக் கரை ஏறி ஓடினார். பிரெஞ்சுப் போலீஸ்காரர் ஒருவர் அவரைப் பிடித்து, மீண்டும் கப்பலிலேயே ஒப்படைத்துவிட்டார்.

தன் மண்ணில் கால் வைத்தவரைத் தன்னிடம் திருப்பித் தர வேண்டும் என்று பிரான்ஸ் கேட்டது. இங்கிலாந்து மறுத்தது. வழக்கு ஹேக் கோர்ட்டுக்குப் போனது. பெல்ஜியத்தின் முன்னாள் பிரதமர் பேர்னார்ட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் விசாரித்தார்கள். லோமனும் அவர்களில் ஒருவர்.

1911-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி தீர்ப்புச் சொன்னார்கள். கைதியை ஒப்படைத்த முறையில் தவறு இருக்கிறது. ஆனால் பிரிட்டிஷார் ஏமாற்றியோ பலாத்காரம் செய்தோ அவரைக் கொண்டு போகவில்லை. பிரெஞ்சுப் போலீஸ்காரரே கொடுத்துவிட்டார். அப்படிப்பட்ட கைதியைத் திருப்பித் தர வேண்டும் என்று சர்வதேசச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. இதுதான் தீர்ப்பின் சாரம்.

அதற்குள் சாவர்க்கருக்கு இரண்டு ஆயுள் தண்டனை, அதாவது 50 ஆண்டு தண்டனை, விதிக்கப்பட்டிருந்தது. அவரை அந்தமான் சிறைக்குக் கொண்டு போனார்கள். சட்ட நிபுணர்கள் பலர் தீர்ப்பைக் கண்டித்தார்கள். வழக்கு இரண்டு நாடுகளுக்கு இடையே நடந்தது. அந்தமானுக்குப் போனவர், அந்தக் கோர்ட்டில் தமக்காக வழக்காட உரிமை இல்லாத ஒரு மனிதர். எழுதிய சட்டத்தை மட்டுமே பார்க்கும் நீதி எங்கே குறைபடும் என்பதை இந்த வழக்கு காட்டியது.

எண்பது வயதில் வெற்றி

1917-ம் ஆண்டு ஹாலந்தின் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. மதப் பள்ளிகளுக்கும் சர்க்கார் பள்ளிகளுக்கும் சமமாகப் பணம் கொடுக்க வழி பிறந்தது. அதே திருத்தம், வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமை தந்தது. ஒரு காலத்தில் ஓட்டுரிமை மசோதாவை எதிர்த்த லோமன் இந்தச் சமரசத்தை ஏற்றுக்கொண்டார். சட்டம் மாறிய பிறகு தடை சொல்ல அவருக்குக் காரணம் இல்லை. அப்போது அவருக்கு வயது 80.

1921-ம் ஆண்டு அவர் பாராளுமன்றத்தை விட்டு விலகினார். 1924-ம் ஆண்டு ஜூன் மாதம் 11-ந் தேதி, ஹேக் நகரில், 87-வது வயதில் காலமானார்.

அவர் கலந்துகொண்ட தீர்ப்புகள் எல்லாவற்றையும் எல்லோரும் பாராட்டவில்லை. ஆனால் தேர்ந்தெடுத்த நாட்டுக்கு நன்றிக்கடன் செலுத்த அவர் நீதிபதி ஆசனத்தில் உட்காரவில்லை. அதனால்தான் வெவ்வேறு நாடுகள் திரும்பத் திரும்ப அவரைத் தேடி வந்தன. எதிராளியின் வழக்கையும் நேர்மையாகக் கேட்பார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பஞ்சாயத்துக்கு மக்கள் வருவார்கள். நாடுகளுக்கும் அதே நியாயம்தான்.