தாயின் கல்லறையில் துயிலும் கவிஞர்

இங்கிலாந்து தேசத்தில், பக்கிங்ஹாம் மாகாணத்திலே ஸ்டோக் போஜஸ் என்னும் ஊர் உளது. அவ்வூர்ப் பழைய தேவாலயச் சுவர்கள் சக்கிமுக்கிக் கற்களால் எழுந்தவை. நார்மானியர் காலத்துப் பகுதிகளும் அதில் உள. கூரையிட்ட வாயிலைக் கடந்து கல்லறைத் தோட்டத்துட் புகுவோர், தேவாலயத்தின் கீழ்ப்புறச் சாளரத்தருகே, செங்கல்லாற் கட்டிய கல்லறை ஒன்றைக் காண்பர். அதன் மேற்கல்லில் இரு மாதரின் பெயர்களே பொறிக்கப்பட்டுள்ளன. உலகறிந்த கவிஞர் ஒருவரும் அதனுள்ளே துயில்கின்றார் என்பதை அக்கல் உரைப்பதில்லை. அவரே தாமஸ் கிரே.

கிரே 1716-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி லண்டன் மாநகரிற் பிறந்தார். பெற்றோர்க்குப் பிறந்த 12 மக்களுள் பிழைத்தவர் இவர் ஒருவரே. தந்தையார் பிலிப் கடுஞ்சினத்தர். மனைவியைத் துன்புறுத்தியதோடு மகனது கல்விச் செலவையும் ஏற்க மறுத்தார். தாயார் டாரதி அம்மையாரோ மனந்தளர்ந்தாரில்லை. தம் சகோதரி மேரியுடன் மகளிர்க்குரிய தொப்பிகளும் அணிகளும் விற்கும் கடை நடத்தி, அவ்வருவாயைக் கொண்டே மகனை ஈட்டன் பள்ளியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜ் பீட்டர்ஹவுஸ் கல்லூரியிலும் பயில்வித்தார்.

1741-ல் தந்தையார் இறக்க, தாயார் ஸ்டோக் போஜஸில் தம் சகோதரியரோடு வாழலானார். மறு ஆண்டிலே கிரேயின் ஆருயிர்ப் பள்ளித் தோழர் ரிச்சர்டு வெஸ்ட் இளமையிலேயே மாண்டார். 1749-ல் சிற்றன்னை போன்ற மேரி அம்மையாரும் மறைந்து அக்கல்லறையில் அடக்கமானார். இத்துயரங்களினூடே பல்லாண்டு திருத்தித் திருத்தி இயற்றிய இரங்கற்பாவைக் கிரே 1750-ல் முடித்தார். அடுத்த ஆண்டு அது அச்சேறியது. சிற்றூர்க் கல்லறைகளில் உறங்கும் பெயரறியா உழவருள்ளும் பெருங்கவிஞரும் நாடாளத் தக்காரும் இருந்திருக்கலாம். வறுமை அவர்க்குக் கல்வியின் கதவை அடைத்துவிட்டது என்பதே அப்பாடலின் உட்கருத்து. அக்கதவு தமக்கு மட்டும் எவ்வாறு திறந்ததென்பதைக் கிரே மறந்தவரல்லர்.

1753-ல் தாயார் காலமானார். மக்கள் பலர்க்குப் பரிவும் அன்பும் மிக்க அன்னை என்று அவர்க்குக் கல்வெட்டு எழுதிய மைந்தர், தம் பெயரை அதிற் பொறித்திலர். புகழை நாடாத அவர் 1757-ல் அரசவைக் கவிஞர் பதவியையும் ஏற்க மறுத்தார். 1768-ல் கேம்பிரிட்ஜில் நவீன சரித்திரப் பேராசிரியராயினும், கூச்சமும் நோயும் தடுத்தமையின் ஒரு சொற்பொழிவேனும் நிகழ்த்தினாரில்லை. வாழ்நாளில் அவர் வெளியிட்ட கவிதை ஓராயிரம் அடிகளுக்கும் உட்பட்டதே.

1771-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி கிரே கேம்பிரிட்ஜில் உயிர்நீத்தார். தாயின் அருகிலேயே தம்மை அடக்கஞ் செய்க என்னும் அவரது மரண சாசனப்படி, ஆகஸ்டு 6-ந் தேதி அச்சிற்றூர்க் கல்லறையிலேயே வைக்கப்பட்டார். 1799-ல் ஜான் பென் என்பார் தோட்டத்தை அடுத்த வயலிலே அவர்க்குப் பெரிய நினைவுச் சின்னம் எழுப்பினார். எதிரேயுள்ள தேவாலயச் சுவரிற் பதித்த கல்லொன்று, கவிஞர் துயிலுமிடத்தைக் காண்போர்க்கு அறிவிக்கின்றது. தாயின் கல்லோ இன்றும் மகன் எழுதியவாறே நிற்கின்றது.

கலாசாலையிற் பயிலும் நம்முள் பலர்க்கும், பெயர் வெளிவராத ஒருவருடைய உழைப்பே இவ்வாயிலைத் திறந்திருக்கும். அவரை மறவாதிருத்தல் கற்றோர்க்குக் கடனன்றோ!