போகச் சொன்னவர் தாமே போனார்!

திருநெல்வேலிச் சீமையிலே வெள்ளாளன்விளை என்று ஒரு சிற்றூர். பனை மரமும் செம்மணலும் நிறைந்த பூமி. அங்கே தாமஸ் வேதநாயகம் என்று ஒரு பாதிரியார் இருந்தார். அவருடைய மனைவி எலன். ஆண் பிள்ளை வேண்டும் என்று இருவரும் நெடுங்காலம் பிரார்த்தனை செய்தார்கள்.

1874-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி பிள்ளை பிறந்தது. பைபிளிலே அன்னாள் என்ற தாய் வேண்டிப் பெற்ற பிள்ளையின் பெயர் சாமுவேல். அந்தப் பெயரையே இந்தப் பிள்ளைக்கும் வைத்தார்கள். அவர்தான் சாமுவேல் அசரியா. இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் ஆனவர்.

பட்டம் போயிற்று

பள்ளிப் பருவத்திலேயே தகப்பனார் இறந்துபோனார். தாயார் கண்டிப்பானவர். பையனைப் படிக்க வைத்தார். அசரியா பாளையங்கோட்டையில் படித்துவிட்டுச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. ஐகோர்ட்டுக்கு எதிரே, ஜார்ஜ் டவுனில் இருந்தது.

கடைசிப் பரீட்சை வந்தது. கணக்குப் பரீட்சை எழுத வேண்டிய சமயத்தில் அசரியா நோயில் படுத்துவிட்டார். பி.ஏ. பட்டம் கை நழுவிப் போயிற்று. மறுபடி எழுதவும் இல்லை. வீட்டில் எவ்வளவு வருத்தம் இருந்திருக்கும் என்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1895-ல் அவர் ஒய்.எம்.சி.ஏ. என்னும் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் காரியதரிசியாகச் சேர்ந்தார். அப்போது வயது 21.

இப்போது மே மாதம் பிறந்தால் போதும். கும்மிடிப்பூண்டி முதல் குமரி வரை சபைகள் வாலிபர் முகாம் நடத்துகின்றன. பாட்டு, விளையாட்டு, வேதபாடம் எல்லாம் உண்டு. அந்தக் காலத்தில் வாலிபர்களை ஒன்று சேர்க்க ஒருவர் ஊர் ஊராகப் போகவேண்டும். அசரியா போனார். ரெயில் ஓடும் ஊருக்கு ரெயிலில். அதற்கு மேல் மாட்டு வண்டியில். மாணவர்களைக் கூட்டுவார், வேதம் சொல்லிக் கொடுப்பார், சங்கம் அமைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்படுவார். இப்படியே சுமார் 14 ஆண்டுகள்!

இந்த வேலையில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். 1896-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எடி. பணக்கார வீட்டுப் பிள்ளை, தமிழ் கற்றுக்கொண்டவர். வெள்ளைக்காரரும் இந்தியரும் ஒரே பந்தியில் உட்காரத் தயங்கிய காலம் அது. ஆனால் இந்த இருவருடைய நட்பு கடைசி வரை நிலைத்தது.

யாழ்ப்பாணத்தில் கண்டது

1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே பணம் சேர்த்துக் கடலுக்கு இந்தப் பக்கம் ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். அது அவர் மனத்தில் தைத்தது. திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் இருந்தும் அப்படி ஒன்று இல்லையே!

மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12-ந் தேதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பணம் இந்தியருடையது, ஆட்களும் இந்தியர், நிர்வாகமும் இந்தியருடையதே. இதுதான் அதன் விதி. ஐதராபாத் நிஜாம் சீமையிலே இருந்த தோர்ணக்கல் என்ற தெலுங்கு ஊரை ஊழியத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

அசரியா மேடை ஏறி வாலிபர்களைப் போகும்படி அழைத்தார். சிலர் போனார்கள். ஆனால் அவருக்கே ஒரு கேள்வி எழுந்தது. பிறரைப் போகச் சொல்லும் நான் ஏன் போகவில்லை? பட்டணத்து வேலை, மனைவி, மக்கள் எல்லாம் இருந்தன. மனைவி அன்பு மாரியம்மாள், தென்னாட்டில் கல்லூரிப் படிப்புப் படித்த முதல் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர். கணவரோடு புறப்பட அவரும் சம்மதித்தார். 1909-ல் குருப்பட்டம் பெற்று, 35-ம் வயதில் அசரியா தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தார். புதிதாகத் தெலுங்கு படித்தார்.

1910-ல் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. வெள்ளைக்காரர்கள் செய்த தியாகங்களுக்கு நன்றி சொன்ன அசரியா, அவர்களிடம் இன்னும் ஒன்று கேட்டார்: நட்பு! சபையில் பலருக்கு முகம் சுருங்கியது. எடி போன்ற ஒரு நண்பரைப் பெற்றவர் கேட்டது என்பதால், அதை வெறும் மனத்தாங்கல் என்று தள்ள முடியாது.

1912 டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் அவரைப் பிஷப்பாக அபிஷேகம் செய்தார்கள். வெள்ளைக்காரப் பாதிரிமார் பலருக்கு இது பிடிக்கவில்லை. திருநெல்வேலியிலேயே எதிர்த்தவர்களும் உண்டு.

பிஷப் ஆன பிறகும் மாட்டு வண்டியை விடவில்லை. மாலா, மாதிகா என்ற தாழ்த்தப்பட்ட மக்களின் சேரிகளுக்குப் போனார். கிராம ஆசிரியர்களுக்கு வேதம் சொல்லிக் கொடுத்தார். 1935-ல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிராம ஆசிரியர்கள் அவருடைய மேற்பார்வையில் வேலை செய்தார்கள். மதமாற்ற விஷயத்தில் காந்தியடிகளுக்கு அவரோடு கருத்து வேற்றுமை இருந்தது.

தோர்ணக்கல்லில் அவர் கட்டிய பேராலயம் 1939 ஜனவரியில் பிரதிஷ்டை ஆயிற்று. கோயில் மண்டபத் தூண்களும் மசூதிக் கும்மட்டங்களும் அதில் சேர்ந்து நிற்கின்றன.

பல பிரிவுச் சபைகளையும் ஒன்றாக்க அவர் பல ஆண்டுகள் பாடுபட்டார். 1945 ஜனவரி 1-ந் தேதி தோர்ணக்கல்லிலேயே இறந்தார். தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் உதயமானது 1947 செப்டம்பர் 27-ந் தேதி. அதைப் பார்க்க அவர் இல்லை.