கொலோனஸ் முதியவரின் கடைசி நாடகம்

இணையம் வழியே தீவிரவாதத்துக்குள் இழுக்கப்படும் இளைஞர்களைப் பற்றி எழுத முனைவோருக்குப் பண்டைய ஏதென்ஸின் நாடகம் ஒன்று கைகொடுக்கிறது. அது, கி.மு. 441-ஆம் ஆண்டையொட்டி சோஃபக்ளிஸ் எழுதிய 'ஆன்டிகனி'. தாய்நாட்டின் மீது படையெடுத்து மாண்டவனின் உடலை அடக்கம் செய்யக் கூடாது என்கிறார் மன்னர் கிரியோன். தடையை மீறி அவன் தங்கை ஆன்டிகனி அவ்வுடல் மீது மண் தூவுகிறாள்.

கராச்சியில் பிறந்து லண்டனில் வாழும் கமீலா ஷம்சி, 2017-இல் வெளியிட்ட 'ஹோம் ஃபயர்' நாவலில் இக்கதையை இக்காலத்துக்குக் கொண்டுவந்தார். அதில் சகோதரன், லண்டனிலிருந்து சிரியா சென்று ஐ.எஸ். அமைப்பின் பிரசாரப் பிரிவில் சேர்பவன். கிரியோன், பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர். இத்தகைய மறுஆக்கங்களைக் காண்போருக்குக் கிரியோனை வெறும் கொடுங்கோலராகக் கருதிவிடுவது எளிது. மூல ஆசிரியரின் வாழ்க்கை அந்த எளிமைக்கு இடம் தருவதில்லை.

சோஃபக்ளிஸ் கி.மு. 496-ஆம் ஆண்டளவில், ஏதென்ஸ் நகருக்கு வெளியே உள்ள கொலோனஸ் என்னும் ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். கி.மு. 468-இல் முன்னோடி ஈஸ்கிலஸையே நாடகப் போட்டியில் வென்றார். நூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். முழுமையாக எஞ்சியவை ஏழே. ஆனால், அவர் எழுத்தாளராக மட்டும் வாழ்ந்தவர் அல்லர். கி.மு. 443-இல் ஏதென்ஸின் கூட்டணி நாடுகள் செலுத்திய கப்பத்தைக் காக்கும் பொருளாளர்களுள் ஒருவராக இருந்தார். 'ஆன்டிகனி' மேடையேறிய காலத்தையொட்டியே, கிளர்ந்தெழுந்த சாமோஸ் தீவை அடக்கச் சென்ற பெரிக்ளிஸுடன் தளபதியாகவும் பணியாற்றினார். துரோகத்தை ஓர் அரசு எப்படிப் பார்க்கும் என்பதை ஆட்சியின் உள்ளிருந்தே அறிந்தவர் அவர். கிரியோனின் வாதங்களில் இருக்கும் வலிமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

'ஆன்டிகனி'யில் அந்தச் சகோதரன் பாலினைசிஸ் ஒரு சொல்லும் பேசுவதில்லை. நாடகம் தொடங்கும்போதே அவன் பிணம். நம் காலத்துப் பெற்றோரை வாட்டும் கேள்வியோ அதற்கு முந்தையது: அவனை எந்த இடத்தில் தடுத்திருக்கலாம்?

தொண்ணூறை நெருங்கிய வயதில் சோஃபக்ளிஸ் அந்த இடத்துக்குத் திரும்பினார். தாம் பிறந்த ஊரையே களமாக்கி எழுதிய 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தில் பாலினைசிஸ் உயிருடன் வருகிறான். தம்பியால் நாடு கடத்தப்பட்டவன். ஆர்கோஸில் படை திரட்டியவன். பார்வையற்ற தந்தையிடம் ஆசி கேட்கிறான். தன்னைத் துரத்தியவனே இவன்தான் என்று தந்தை சபிக்கிறார்: சகோதரர் இருவரும் ஒருவர் கையால் ஒருவர் மடிய வேண்டும். படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுமாறு ஆன்டிகனி மன்றாடுகிறாள். அவன் மறுக்கிறான். தன் சாவு உறுதி என்று தெரிந்தும், இளையவன் நகைப்பானே என்ற அவமானமும், ஒருமுறை அஞ்சிப் பின்வாங்கினால் மீண்டும் படை நடத்த முடியாதே என்ற எண்ணமும் அவனைக் கட்டிவிடுகின்றன. தந்தையின் சாபத்தைத் தோழர்களிடம் சொல்லவும் மாட்டான்; கெட்ட செய்தியைத் தலைவன் மறைக்க வேண்டுமாம். முடிவை அறியாமலே அவர்கள் அவன் பின்னே போருக்குப் போகிறார்கள். ஆள்சேர்ப்பின் இயல்பை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காட்சி வேறொன்று உண்டா என்பது ஐயமே.

இங்கே கொள்கை என்று எதுவும் பேசப்படுவதில்லை. புண்பட்ட மானமும் தந்தையின் வெறுப்புமே அவனைத் தள்ளுகின்றன. ஷம்சியின் இளைஞனுக்கும் தந்தை இல்லை. போராளியாகப் போய் மாண்ட அந்தத் தந்தையைப் பற்றிய கதைகளைச் சொல்லித்தான் ஆள்பிடிப்பவன் அவனை வசப்படுத்துகிறான். மறுஆக்கம் செய்வோர் 'ஆன்டிகனி'யோடு நின்றுவிடாமல் இந்த நாடகத்தையும் படிப்பது நல்லது.

மூப்பால் தந்தையின் அறிவு மங்கிவிட்டதென்று மகன் வழக்குத் தொடுத்ததாகவும், சோஃபக்ளிஸ் இந்த நாடகத்திலிருந்து ஒரு பகுதியை மன்றத்தில் வாசித்து வென்றதாகவும் பழங்கதை ஒன்று உண்டு. நடந்ததோ இல்லையோ, தந்தை-மகன் பகை பற்றிய நாடகத்துக்குப் பொருத்தமான கதைதான்.

கி.மு. 406-இன் இறுதியிலோ அதையொட்டியோ அவர் மறைந்தார். கி.மு. 404-இல் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் பணிந்தது. கி.மு. 401-இல், அவர் பெயரையே தாங்கிய பேரன் அந்த நாடகத்தை மேடையேற்றினார்.