நீதிபதி ஸையித் மஹ்மூத்

திருவள்ளூர் ஜில்லா கோர்ட்டு நீதிபதிமீது புகார் எழுந்தால் விசாரிக்க, மேலே சென்னை உயர்நீதிமன்றம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் நில வழக்கு நடத்தும் ஏழைக்கும் அந்த வழி உண்டு. உயர்நீதிமன்ற நீதிபதிமீதே புகார் எழுந்தால் விசாரிப்பவர் யார்? இக்கேள்வி எழும்போதெல்லாம் மர்ஹூம் ஸையித் மஹ்மூத் அவர்களின் வாழ்க்கை நம் நினைவுக்கு வருகிறது.

அலீகட் கல்லூரியை நிறுவிய ஸர் ஸையித் அஹ்மத் கான் அவர்களின் புதல்வரான அன்னார், 1850ல் டில்லியில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று 1872ல் பாரிஸ்டரானார். அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் 1882ல் தற்காலிக நீதிபதியாகவும், 1887ல் நிரந்தர நீதிபதியாகவும் அமர்ந்தார். இந்நாட்டில் அப்பதவியை அடைந்த முதல் முஸ்லிம் அன்னாரே.

வக்கீல் வைக்க வசதியின்றிச் சிறையில் கிடக்கும் கைதிக்கு நோட்டீஸ் மட்டும் அனுப்பிவிட்டால், அவன் வாதத்தைக் கேட்டதாகுமா? 1891ல் இப்பிரச்னை வந்தபோது, ஆகாது என்று அன்னார் மாறுபட்ட தீர்ப்பெழுதினார். ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை எமனுக்குக் காஜியாக அனுப்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்று கற்பித்ததும் இதுவேயன்றோ!

அத்தகையவருக்கும் சோதனை வந்தது. தலைமை நீதிபதி ஸர் ஜான் எட்ஜுடன் பிணக்கு முற்றியது. தீர்ப்புகள் தாமதமாகின்றன, மதுப்பழக்கம் இருக்கிறது என்ற புகார்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1893ல் அன்னார் பதவி விலக நேர்ந்தது.

குறையை நாம் மறைக்கவில்லை. மது ஹராம், தீர்ப்புத் தாமதித்தால் வாடுபவர் வழக்காடிகள். ஆயினும் பிணங்கியவரே குற்றம் சாட்ட, நியமித்த அரசாங்கமே முடிவு செய்தது. இருவருக்கும் அப்பாற்பட்டவர் எவரும் விசாரிக்கவில்லை. அதனால் புகாரில் உண்மை எவ்வளவு, பகை எவ்வளவு என்பது, 1903ல் அன்னார் ஸீதாப்பூரில் மவுத்தான பின்னும் தீராமலே நின்றது.

இன்று 1968ஆம் வருடச் சட்டம் உண்டு. லோக்சபையில் 100 பேரோ ராஜ்யசபையில் 50 பேரோ கையெழுத்திட்டுக் கொடுத்த தீர்மானம் ஏற்கப்பட்டால், மூவர் குழு விசாரிக்கும். நீதிபதியும் தம் பக்கத்தைச் சொல்லலாம். குற்றம் நிரூபணமானாலும் இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் நிறைவேற்றினால்தான் நீக்க முடியும். சிறு குற்றங்களை விசாரிக்கத் தனித்த நிரந்தர அமைப்பு இன்னும் இல்லை.

தவறிய நீதிபதியிடமிருந்து மக்களையும், பகையிலிருந்து நல்ல நீதிபதியையும் காக்க அத்தகைய அமைப்பு வேண்டும் என்பதே நாம் இவ்வாழ்விலிருந்து பெறும் படிப்பினை. அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்றருள்வானாக! ஆமீன்.