காவலூரைக் கண்டெடுத்த வைணு பாப்பு

கரியமாணிக்கம் பக்கம் மின்சாரம் போன இரவில் மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பாருங்கள். விண்மீன்கள் கண் சிமிட்டும். உண்மையில் சிமிட்டுவது விண்மீன் அல்ல. மேலே சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து அலைவதால், அதன் ஒளி அங்குமிங்கும் வளைகிறது. நமக்கு இது அழகு. வானியல் அறிஞர்களுக்கோ தலைவலி! தொலைநோக்கியில் எடுக்கும் படம் கலங்கிவிடுமே! அதனால்தான் நல்ல வானம் உள்ள இடத்தைத் தேடி அலைந்தார் வைணு பாப்பு.

1927 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் பிறந்தார் பாப்பு. அப்பா ஐதராபாத் நிஜாமியா வான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்ததால், சிறு வயதிலேயே தொலைநோக்கி பழகிவிட்டது. உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். 1949-ல் அங்கே தாம் எடுத்த வானப் படத்தில் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். அதற்கு பாப்பு-போக்-நியூகிர்க் என்று பெயர்.

பிறகு ஒலின் வில்சனுடன் சேர்ந்து இன்னொரு அதிசயத்தைக் கண்டறிந்தார். சில வகை விண்மீன்களின் ஒளியைப் பிரித்து, அதிலுள்ள கால்சியம் கோட்டின் அகலத்தை அளந்தால், அந்த விண்மீனின் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடும். அதிலிருந்து அதன் தூரத்தையும் கணக்கிடலாம். இதுவே 'வில்சன்-பாப்பு விளைவு'.

வெளிநாட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் 1953-ல் தாயகம் திரும்பினார். அப்போது இங்கே பெரிய நவீனத் தொலைநோக்கிகள் இல்லை. 1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். இரவு வானத்தை ஆராய, நகர வெளிச்சம் எட்டாத இடம் வேண்டும். தென்திசை விண்மீன்களும் தெரிய வேண்டும். பல இடங்களைப் பார்த்து, கடைசியில் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார்.

1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் அங்கே பணி தொடங்கியது. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸ் கோளின் வளையங்கள் தெரியவந்தபோது, காவலூரிலும் அந்த நிகழ்வு பதிவானது.

பாப்புவின் பெருங்கனவு, 2.34 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே உருவாக்குவது. வேலை நடந்துகொண்டிருக்கையில், 1982 ஆகஸ்ட் 19-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். அப்போது அவர் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவர். அவர் பார்க்காமல் போன அந்தத் தொலைநோக்கிக்கு 1986-ல் அவர் பெயரே சூட்டப்பட்டது.

நல்ல இடத்தில் வைத்தாலும் காற்று கொஞ்சம் ஆடத்தானே செய்யும்? அதற்கும் வழி வந்துவிட்டது. ஒளி எப்படிக் கலங்கியிருக்கிறது என்று கருவி அளக்கும். உடனே வளையும் கண்ணாடி ஒன்று நொடிக்குப் பல நூறு முறை தன் வடிவத்தை மாற்றி, படத்தைத் தெளிவாக்கும். இதில் மூளை நரம்புகளைப் பார்த்து அமைத்த 'நரம்பு வலையமைப்பு' என்ற கணினி முறையும் உதவுகிறது. கலங்கிய படங்களை ஏராளமாகக் காட்டிப் பழக்கினால், கண்ணாடி எப்படி வளைய வேண்டும் என்று அதுவே கற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

நல்ல வானம் தேடி மலையேறினார் பாப்பு. இன்று காற்றின் ஆட்டத்தையே சரிசெய்யக் கணினிக்குப் பாடம் நடத்துகிறார்கள். அடுத்த பாடத்தை நடத்தப்போவது நீங்களாகவும் இருக்கலாம்!