மகனுக்காகச் செய்த சக்கரம்

சைக்கிளில் ஏறும் முன் நாம் என்ன செய்கிறோம்?

டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்க்கிறோம். காற்று இருந்தால் ஏறி மிதிக்கிறோம். இல்லாவிட்டால் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறோம்.

சக்கரம் பிறந்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அதற்குள் காற்று புகுந்து இன்னும் 200 ஆண்டுகள்கூட ஆகவில்லை.

சக்கரத்துக்குக் காற்றைக் கொடுத்தவர் என்று உலகம் ஒருவரைக் கொண்டாடுகிறது. அவர் எஞ்சினீயர் அல்ல. சைக்கிள் வீரரும் அல்ல. குதிரைக்கும் மாட்டுக்கும் மருந்து கொடுத்த கால்நடை வைத்தியர்!

அவர் பெயர் ஜான் பாய்டு டன்லப்.

டயரில் அவர் பெயரைப் பார்த்திருக்கிறோம். டன்லப் மெத்தை என்று கேட்டிருக்கிறோம். பெயர் உலகத்தைச் சுற்றி வந்தது. பெரும் பணம் மட்டும் அவரிடம் வந்து சேரவில்லை.

ஏன்?

விவசாயி மகன்

டன்லப் ஸ்காட்லாந்து நாட்டில், டிரெகார்ன் என்ற கிராமத்தில் பிறந்தார். 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி. விவசாயக் குடும்பம்.

குறை மாதத்தில் பிறந்த பிள்ளை என்று தாயார் அடிக்கடி சொல்வார். அதனால் தமது உடம்பு பலவீனமானது என்றே டன்லப் நம்பினார். கடினமான உடல் உழைப்பை வாழ்நாள் முழுவதும் ஒதுக்கினார்.

படிப்பில் கெட்டிக்காரர். எடின்பரோ நகருக்குப் போய் மிருக வைத்தியம் கற்றார். 19 வயதிலேயே தேறிவிட்டார்.

1867-ல் கடல் கடந்து அயர்லாந்து போனார். பிறகு பெல்பாஸ்ட் நகரில், மே தெருவில் வைத்தியசாலை வைத்தார். கை ராசிக்காரர் என்று பெயர் எடுத்தார். தொழில் பெருகியது. 1871-ல் மார்கரெட் என்ற பெண்ணை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள்.

மகனின் தொல்லை

மகன் பெயர் ஜானி. அவனுக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. மூன்று சக்கர சைக்கிள் ஒன்று வைத்திருந்தான்.

அந்தக் காலத்து சைக்கிள் சக்கரத்தில் கெட்டி ரப்பர் சுற்றியிருக்கும். பெல்பாஸ்ட் தெருக்களோ கருங்கல் பாவியவை. டிராம் தண்டவாளங்கள் வேறு. சக்கரம் உருண்டால் எலும்பு எல்லாம் குலுங்கும். வண்டியும் வேகமாகப் போகாது.

மகன் தொல்லைப்படுவதைத் தகப்பனார் பார்த்தார். யோசித்தார்.

ரப்பர் வேலை அவர் கைக்குப் பழகியது. தம் தொழிலுக்கு வேண்டிய சில பொருள்களை ரப்பர் தாளில் அவரே செய்துகொள்வார்.

1887 அக்டோபர் மாதம். டன்லப் ஒரு வட்டப் பலகையை எடுத்தார். ரப்பர் தாளை ஒட்டிக் குழாய் செய்தார். அதைப் பலகையின் விளிம்பில் சுற்றினார். மேலே லினன் துணியைப் போர்த்தி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்று அடிக்கும் பம்பினால் காற்று அடித்தார்.

ஜானியின் சைக்கிளிலிருந்து கெட்டி ரப்பர் சக்கரம் ஒன்றையும் கழற்றினார். இரண்டையும் முற்றத்தில் உருட்டினார்.

கெட்டி ரப்பர் சக்கரம் பாதி வழியில் சாய்ந்துவிட்டது. காற்றுச் சக்கரம் முற்றம் முழுவதும் ஓடியது. வாசல் கதவில் மோதித் துள்ளித் திரும்பியது!

சில மாதங்களில் ஜானியின் சைக்கிளுக்குக் காற்று டயர் வந்தது. பையன் அதை ஓட்டினான். உலகத்தில் காற்று டயர் சைக்கிள் ஓட்டிய முதல் பிள்ளை என்று அவனைச் சொல்லலாம்.

1888 ஜூலையில் டன்லப் பேட்டண்ட் உரிமைக்கு மனுப் போட்டார். டிசம்பரில் உரிமை கிடைத்தது. அதாவது, அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அந்தப் பொருளைச் செய்து விற்க முடியாது.

சிரித்தவர்கள் வாய் அடைத்தது

பெல்பாஸ்ட் சைக்கிள் வீரர்களில் ஒருவர் வில்லி ஹியூம். காற்று டயர் பூட்டிய சைக்கிளை முதலில் விலைக்கு வாங்கியவர் அவர்தான்.

1889 மே 18-ந் தேதி, பெல்பாஸ்ட் குயின்ஸ் காலேஜ் விளையாட்டு விழா. ஹியூம் அந்த சைக்கிளோடு வந்தார். தடித்த டயரைக் கண்டு ஜனங்கள் சிரித்தார்கள்.

போட்டி தொடங்கியது. சிரிப்பு நின்றது. ஹியூம் நான்கு பந்தயங்களில் கலந்துகொண்டார். நான்கிலும் அவரே முதல்!

தோற்றவர்களில் ஹார்வி டு குரோ என்பவரின் பிள்ளைகளும் உண்டு. டு குரோ டப்ளின் நகரத்துக் காகித வியாபாரி. பிள்ளைகள் தோற்றதற்காக அவர் வருத்தப்பட்டுக்கொண்டு உட்காரவில்லை. ஜெயித்தது ஆள் மட்டும் அல்ல, டயரும்தான் என்பதைக் கண்டுகொண்டார்.

அந்த ஆண்டே டப்ளினில் டயர் கம்பெனி பிறந்தது. டன்லப் தமது பேட்டண்டைக் கொடுத்தார். பதிலுக்குப் பங்குகள் பெற்றார். கம்பெனியை நடத்தியவர் டு குரோ.

விழுந்தது இடி

1890-ல் ஒரு செய்தி வந்தது. டன்லப்பின் பேட்டண்ட் செல்லாது!

காரணம், அவருக்கு முன்பே ஒருவர் அதைக் கண்டுபிடித்திருந்தார். அவர் பெயர் ராபர்ட் வில்லியம் தாம்சன். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். 1845-ல், 23 வயதில், காற்றுச் சக்கரத்துக்குப் பேட்டண்ட் வாங்கினார். லண்டன் பூங்காவில் குதிரை வண்டியில் பூட்டி ஓட்டியும் காட்டினார். டன்லப்புக்கு இது தெரியாது.

தாம்சனின் சக்கரம் ஏன் மறைந்தது? அவர் காலத்தில் நல்ல மெல்லிய ரப்பர் கிடைக்கவில்லை. விலையும் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதைத் தேடி வாங்க அப்போது சைக்கிள் இல்லை. தாம்சன் 1873-ல் காலமானார்.

விதை ஒன்றுதான். தாம்சன் விதைத்தபோது மழை இல்லை. டன்லப் விதைத்தபோது மழை பெய்தது.

பேட்டண்ட் போனதும் கம்பெனி தளர்ந்துவிடவில்லை. அப்போது டயரைச் சக்கரத்தோடு ஒட்டிவிடுவார்கள். பஞ்சர் ஆனால் பிரித்து ஒட்ட மணிக்கணக்கில் ஆகும். 1890-ல் வெல்ச், பார்ட்லெட் என்ற இருவர் தனித்தனியே கழற்றி மாட்டும் டயருக்கு வழி கண்டார்கள். அந்தப் பேட்டண்டுகளைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. பிழைத்தது.

கோடி யாருக்கு?

1895-ல் டன்லப் கம்பெனியை விட்டு விலகினார். தம் பங்கையும் விற்றுவிட்டார்.

அடுத்த ஆண்டே, 1896-ல், டு குரோ கம்பெனியை விற்றார். விலை 30 லட்சம் பவுன்! வாங்கியவர் ஹூலி என்ற வியாபாரி. அவர் அதைப் புதுக் கம்பெனியாக்கி 50 லட்சம் பவுனுக்கு மறுபடியும் விற்றார். அந்தப் பெரும் பணத்தில் டன்லப்புக்குப் பங்கு இல்லை.

அவர் டப்ளினில் குடியிருந்தார். ஒரு ஜவுளிக் கடையில் பங்கு இருந்தது. வறுமை இல்லை, கோடியும் இல்லை.

கம்பெனியோ அவர் பெயரையும் தாடி முகத்தையும் விட்டுவிடவில்லை. பின்னாளில் விளம்பரங்கள் அவரை ஆடம்பர உடைக்காரராகக் காட்டின. எளிய மனிதர் அவர். மனம் புண்பட்டு, கோர்ட்டுக்குப் போனார்.

1921-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி டப்ளினில் காலமானார். வயது 81. பலவீனமான உடம்பு என்று எண்ணியவர், நீண்ட காலம் வாழ்ந்தார்!

உலகம் மாறியது

1885-ல் ஜெர்மனியில் டெய்ம்லர் செய்த மோட்டார் சைக்கிளுக்கு மரச் சக்கரம், இரும்புப் பட்டை. அதில் ஏறி ஊர் சுற்ற யாருக்குத் துணிவு வரும்? காற்று டயர் வந்த பிறகுதான் சைக்கிள் எல்லோருக்கும் வாகனம் ஆயிற்று. மோட்டார் சைக்கிளும் காரும் நெடுந்தூரம் ஓடின.

ஆனால் டயருக்கு ரப்பர் வேண்டும். அதற்காக மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. ஆப்பிரிக்காவில் காங்கோ மக்கள் ரப்பருக்காகச் சித்திரவதைப்பட்டார்கள். மலாயாவில் காடுகளை வெட்டித் தோட்டம் போட்டார்கள். அங்கே பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் யார்? கங்காணி பேச்சை நம்பி, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய நம் தமிழர்கள்!

பெல்பாஸ்ட் வீட்டு முற்றத்தில் உருண்ட சக்கரம், தஞ்சாவூர்க் கிராமத்துக் குடும்பங்களைக் கடல் கடக்க வைத்தது. இதை டன்லப் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

அதே சக்கரம் நம் ஊருக்கு நன்மையும் செய்தது. 1959-ல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டன்லப் டயர்த் தொழிற்சாலை வந்தது. பல குடும்பங்கள் அதனால் சோறு உண்டன. பின்னாளில் அது மூடப்பட்டது.

இன்னொன்றும் நடந்தது. இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டி, டயர் வண்டி ஆயிற்று. பாரம் இழுத்த மாடுகளின் கழுத்துக்குச் சற்றே இளைப்பு கிடைத்தது.

கோடி பவுன் கிடைக்காத கால்நடை வைத்தியருக்கு, இதைவிடப் பொருத்தமான பரிசு வேறு என்ன இருக்க முடியும்?