குருதித் துளியில் பரம்பரையை வாசித்த ரூத் சாங்கர் அம்மையார்

அகதிகளாய் வந்து அந்நிய மண்ணில் குடியேறிய எம்மவருள் பலர், தாயகத்தில் விட்டுவந்த பிள்ளைகளையோ பெற்றோரையோ தம்மிடம் அழைத்துக்கொள்ள முயன்ற வேளையில் ஒரு கேள்விக்கு முகங்கொடுத்திருப்பர். இவர் உம்முடைய பிள்ளைதான் என்பதற்கு அத்தாட்சி யாது என்பதே அக்கேள்வியாகும். பிறப்புச் சான்றிதழ் வீட்டோடு எரிந்திருக்கும்; அதன் பிரதியைத் தரவேண்டிய அலுவலகமும் போரில் அழிந்திருக்கும். கடதாசி எதுவும் எஞ்சாத இத்தகைய நிலையில், அவுஸ்திரேலியா உட்படப் பல நாடுகளின் குடிவரவு அதிகாரிகள் டி.என்.ஏ. பரிசோதனையைச் சான்றாக ஏற்றுக்கொள்கின்றனர். உடலே பிறப்புச் சான்றிதழாகிவிடுகின்றது.

இந்த வல்லமை ஒரே நாளில் மனிதனுக்கு வந்து வாய்த்ததன்று. டி.என்.ஏ.யின் எழுத்துக்களை வாசிக்க எவரும் அறியாதிருந்த காலத்திலேயே, குருதித் துளிகளைக் கொண்டு மனிதப் பரம்பரையின் வரைபடத்தை ஒரு சிலர் வரையத் தொடங்கியிருந்தனர். அவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர், சிட்னியிற் கற்றுச் சிட்னியிலேயே தமது பணியைத் தொடங்கிய ரூத் சாங்கர் அம்மையார். குருதி மாற்றுத் துறையினர் நன்கறிந்த அவரது வாழ்வை எமது வாசகர்களும் அறிந்திருத்தல் தகும் என நாம் கருதுகின்றோம்.

ரூத் சாங்கர் 1918ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆம் திகதி குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் சவுத்போர்ட் நகரிற் பிறந்தார். சிட்னியில் அபட்ஸ்லி பெண்கள் பாடசாலையிலும், பின்னர் சிட்னிப் பல்கலைக்கழகத்திலும் பயின்று விஞ்ஞானப் பட்டதாரியானார். அப்போது இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்தது. 1929ஆம் ஆண்டிலேயே மெல்பேர்ணில் செஞ்சிலுவைச் சங்கம் குருதி மாற்றுச் சேவையொன்றை ஆரம்பித்திருந்தது. போர் வந்ததும் குருதிக்கான தேவை நாடெங்கும் பெருகிற்று. 1940ஆம் ஆண்டு சிட்னியிலுள்ள செஞ்சிலுவைச் சங்கக் குருதி மாற்றுச் சேவையில் இளம் விஞ்ஞானியாகச் சேர்ந்த ரூத், 1946 வரை அங்கு பணியாற்றினார். 1942ஆம் ஆண்டில் யப்பானியச் சிறு நீர்மூழ்கிகள் சிட்னித் துறைமுகத்தினுள் நுழைந்து தாக்கியதை நினைவிற்கொண்டால், அந்நகர் அன்று எத்தகைய சூழலில் இருந்தது என்பது விளங்கும்.

குருதியில் ஏ, பி, ஏபி, ஓ என்னும் வகைகள் உண்டென்பது அப்போது நாற்பது ஆண்டுப் பழைய செய்தி. எம், என் என்னும் வேறுபாடு 1927இலும், றீசஸ் என்னும் காரணி 1940ஐ ஒட்டியும் அறியப்பட்டன. வகை பொருந்தாத குருதி உடலில் ஏறினால், அதனை எதிர்க்கும் பிறபொருளெதிரி என்னும் பதார்த்தம் அந்த அந்நியச் செங்குழியங்களைத் தாக்கும். நோயாளி இறக்கவும் கூடும். ஆகவே புதிய குருதி வகையொன்றைக் கண்டறிவது உயிர்காக்கும் பணியாயிற்று. ஆனால் அதற்குள் இன்னொரு பயனும் மறைந்திருந்தது. குருதி வகை என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ஒழுங்கு தவறாமல் வந்துசேரும் ஒரு பரம்பரை அடையாளம். உயரமும் நிறமும் உணவாலும் வெயிலாலும் மாறலாம். குருதி வகையோ பொதுவாக ஆயுள் முழுதும் மாறாது. மனிதப் பரம்பரை அலகுகளை ஆராய்வதற்கு அன்று இதைவிடத் தெளிவான அடையாளம் வேறிருக்கவில்லை.

1946இல் ரூத் இலண்டன் சென்று, லிஸ்டர் நிறுவனத்தில் அப்போதுதான் ஆரம்பிக்கப்பட்டிருந்த குருதி வகை ஆய்வுப் பிரிவிற் சேர்ந்தார். அதன் தலைவர் ரொபேட் ரேஸ் என்னும் ஆங்கில விஞ்ஞானி. மறு ஆண்டே சிட்னியிலிருந்து ஒரு முக்கிய செய்தி வந்தது. அங்கு வால்ஷ், மொன்ட்கோமரி என்னும் ஆய்வாளர் இருவர் முன்பு அறியப்படாத பிறபொருளெதிரி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தனர். அது காட்டித்தந்த புதிய குருதிக் காரணிக்குச் சிட்னி நகரின் முதலெழுத்தாகிய எஸ் என்பதே பெயராயிற்று. அது எம், என் வகைகளோடு தொடர்புடையது என்பதை இலண்டனில் ரூத்தும் ரேஸும் நிறுவினர். இன்றும் உலகின் குருதி வங்கிகளெல்லாம் எம்.என்.எஸ். என்றே அவ்வகையை வழங்குகின்றன. அவ்வெழுத்து சிட்னியைக் குறிப்பதென்பதை அந்நகரிலேயே பலர் அறியார். 1948இல் ரூத் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டத்தைப் பெற்றார்.

எம்.என். வகையும் எஸ் வகையும் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் பிரியாமலே சேர்ந்து வந்தன. இதன் பொருளை எம்மவர் அனுபவத்தைக் கொண்டே விளக்கலாம். போர் நெருங்கி ஊர் இடம்பெயரும்போது, அயல்வீட்டார் ஒன்றாகவே நடப்பர். தெருவின் இரு கோடியில் இருந்தவர்களோ வழியிற் பிரிந்து வெவ்வேறு திசைகளிற் போய்விடுவர். பரம்பரை அலகுகளும் அவ்வாறே. நிறமூர்த்தம் என்னும் இழையில் அவை வரிசையாக அமைந்துள்ளன. அடுத்தடுத்து இருப்பவை பிள்ளைகளுக்குச் சேர்ந்தே செல்கின்றன. தூரத்திலிருப்பவை அடிக்கடி பிரிகின்றன. எத்தனை பிள்ளைகளிற் சேர்ந்தன, எத்தனை பிள்ளைகளிற் பிரிந்தன என்று எண்ணினால், அவற்றுக்கிடையிலான தூரத்தை அறியலாம். மனிதப் பரம்பரை வரைபடத்தின் முதற் கோடுகள் இந்த எண்ணிக்கையாலேயே கீறப்பட்டன. எம்.என். அலகும் எஸ் அலகும் நாலாவது நிறமூர்த்தத்தில் ஒன்றன் அருகில் ஒன்றாக இருப்பது பல ஆண்டுகளின் பின் டி.என்.ஏ. ஆய்வினால் உறுதியாயிற்று.

அக்காலத்தில் விளங்காத குருதி எந்த நாட்டில் அகப்பட்டாலும் ரேஸ், சாங்கர் இருவரிடமே அது அனுப்பப்பட்டது. 1952இல் பம்பாயில் வைத்தியர் பெண்டேயும் அவர்தம் சகாக்களும் கண்ட புதுமை அவற்றுள் ஒன்று. பார்வைக்கு ஓ வகை போலத் தோன்றியும், ஓ வகைக் குருதியையே ஏற்காத சிலர் அங்கு இருந்தனர். அதனை உலகுக்கு அறிவித்த கட்டுரையின் ஆசிரியர்களுள் ரூத்தும் ஒருவர். பம்பாய் வகை என இன்று அழைக்கப்படும் இக்குருதியை உடையவர்கள் தம் வகையினரின் குருதியை மட்டுமே ஏற்கமுடியும். ஏ, பி வகைகளுக்கு அடித்தளமாக வேறொரு பரம்பரை அலகும் உண்டென்பதை அது வெளிப்படுத்திற்று. முன்னையது ஒன்பதாம் நிறமூர்த்தத்திலும் பின்னையது பத்தொன்பதாம் நிறமூர்த்தத்திலும் இருப்பதை இன்று நாம் அறிவோம்.

1955ஆம் ஆண்டில் ரூத்தும் சகாக்களும் நியூயோர்க் நகரக் கறுப்பின மக்களின் குருதியை ஆராய்ந்தனர். டஃபி என்னும் குருதி வகையின் இரு வடிவங்களுள் ஒன்றேனும் ஏறத்தாழ ஐரோப்பியர் எல்லோரிடமும் காணப்பட, இம்மக்களிற் பெரும்பாலோரிடம் இரண்டுமே இருக்கவில்லை. அன்று அது வெறும் புதிராகவே தோன்றிற்று. 1976ஆம் ஆண்டளவில் விடை கிடைத்தது. மலேரியாக் கிருமிகளுள் விவாக்ஸ் என்னும் இனம் செங்குழியத்தினுள் நுழைவதற்கு டஃபி காரணியே வாயில். வாயில் இல்லாதவரிடம் அக்கிருமி நுழைவது அரிது. எம் தாயகத்தில் முன்னோரை வாட்டிய மலேரியாவிலும் விவாக்ஸுக்குப் பெரும் பங்குண்டு. 1968இல், பாலினத்தோடு தொடர்பற்ற நிறமூர்த்தங்களில் முதன்முதலாக ஒரு பரம்பரை அலகுக்கு இடங் குறிக்கப்பட்டபோது, அவ்வாறு முதலாம் நிறமூர்த்தத்தில் இடம்பெற்றதும் இந்த டஃபி அலகே.

ரூத் அம்மையாரின் பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்பு 1962இல் வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் பலமுறை குருதி ஏற்றப்பட்ட ஒரு நோயாளியிடம் புதிய பிறபொருளெதிரி ஒன்று காணப்பட்டது. அது காட்டிய காரணியைச் சோதித்தபோது, ஐரோப்பிய வம்சத்துப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 பேரிடமும் ஆண்களில் ஏறத்தாழ 66 பேரிடமும் அது இருந்தது. மற்றைய குருதி வகைகளில் ஆண் பெண் வேறுபாடு கண்டதில்லை. பெண்ணுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. இரண்டு வாய்ப்பு உள்ளவரிடம் ஒரு காரணி கூடுதலாகக் காணப்படுவது இயல்பு. குடும்பங்களைச் சோதித்தபோது ஐயம் அகன்றது. காரணி உள்ள தந்தையின் புதல்வியர் எல்லோரிடமும் அது இருந்தது. புதல்வர்களோ தாயிடமிருந்தே அதைப் பெற்றனர். எக்ஸ் நிறமூர்த்தத்தில் அமைந்த முதலாவது குருதி வகை இதுவே. நிறமூர்த்தத்தின் பெயரையும் நகரின் பெயரையும் இணைத்து அதற்கு எக்ஸ்.ஜி. எனப் பெயரிட்டனர்.

குருதி உறையாமை நோய்க்கும் நிறக்குருட்டுக்கும் உரிய அலகுகள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் அருகருகே இருப்பதை 1937இல் ஹால்டேனும் பெல் அம்மையாரும் காட்டியிருந்தனர். இந்த ஹால்டேனே 1957இல் இந்தியாவிற் குடியேறி 1964இல் புவனேஸ்வரத்திற் காலமான பேரறிஞர். எக்ஸ்.ஜி.யை அடையாளமாகக் கொண்டு அந்த நோய்களை எளிதில் தொடரலாம் என்ற நம்பிக்கை பலருக்கும் எழுந்தது. அந்நம்பிக்கை முழுமையாக நிறைவேறவில்லை. எக்ஸ்.ஜி. அந்நிறமூர்த்தத்தின் ஒரு கோடியிலும் அந்நோய்களின் அலகுகள் மறுகோடியிலும் இருந்தமையே காரணம். எனினும், எக்ஸ் நிறமூர்த்தம் ஒன்று குறைந்தோ கூடியோ பிறந்த குழந்தைகளில், அக்குறையோ மிகையோ தாய்வழி வந்ததா தந்தைவழி வந்ததா என அறிவதற்கு எக்ஸ்.ஜி. பெரிதும் உதவிற்று. அதற்காக அம்மையார் பல நாட்டுக் குடும்பங்களின் குருதியைப் பல்லாண்டு பொறுமையுடன் சோதித்துப் பதிந்தார்.

ரூத்தும் ரேஸும் 1956இல் திருமணஞ் செய்தனர். மனிதரின் குருதி வகைகள் பற்றி இருவரும் எழுதிய நூல் 1950 முதல் 1975 வரை ஆறு பதிப்புக்களைக் கண்டு, அத்துறையினரின் கைந்நூலாக விளங்கியது. 1972இல் அம்மையார் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவராகத் தெரிவுசெய்யப்பட்டார். 1973இல் கணவர் ஓய்வுபெற, ஆய்வுப் பிரிவின் தலைமையை ஏற்றுப் பத்தாண்டுகள் நடத்தினார். 1984இல் ரேஸ் மறைந்தார்.

சாங்கர் என்றவுடன் பலர் நினைப்பது டி.என்.ஏ. எழுத்து வரிசையை வாசிக்கும் முறையை 1977இல் வகுத்து, இருமுறை நோபல் பரிசு பெற்ற பிரெடெரிக் சாங்கரையே. அவரும் 1918இலேயே பிறந்தவர். ஒருவர் எழுத்துக்களை வாசிக்க வழி காட்டினார். மற்றவர் குடும்பங்களின் குருதியைக் கொண்டு ஊர்களின் இடத்தைக் குறித்தார். 2001 பெப்ரவரியில் மனித டி.என்.ஏ.யின் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களின் முதல் வரைவு வெளியாகிற்று. அதே ஆண்டு யூன் 4ஆம் திகதி, தமது 83ஆவது பிறந்த நாளுக்கு இரு தினங்கள் முன்னதாக, ரூத் சாங்கர் அம்மையார் காலமானார். முதல் வரைவிற் காணப்பட்ட இடைவெளிகளுள் இறுதிவரை எஞ்சியிருந்தவை பெரும்பாலும் 2022ஆம் ஆண்டிலேயே நிரப்பப்பட்டன.

தொடக்கத்திற் குறித்த கேள்விக்கு மீள்வோம். கானா நாட்டிலிருந்து பிரித்தானியாவுக்குத் திரும்பிய சிறுவன் ஒருவனை, அவன் அத்தாயின் மகனல்லன் என ஐயுற்று அதிகாரிகள் தடுத்தனர். குருதி வகைச் சோதனைகள் அவர்கள் உறவினர் என்று காட்டின. அவள் தாயா, தாயின் சகோதரியா என்பதை அவற்றாற் சொல்ல முடியவில்லை. அலெக் ஜெஃப்ரிஸ் புதிதாகக் கண்டிருந்த டி.என்.ஏ. சோதனையே அவன் அவளது மகன் என நிறுவி, அவனைத் தாயோடு சேர்த்தது. குருதி வகை ஆய்வு நின்ற எல்லையிலிருந்து டி.என்.ஏ. மேலே நடந்தது.

ஆயினும் இந்த வரைபடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தாய் தந்தையரைப் போரிலே பறிகொடுத்த குழந்தையைத் தன் பிள்ளையாய் வளர்த்த அயல்வீட்டுப் பெண்ணை எந்தச் சோதனையும் தாயென்று சொல்லாது. அதை அறியவேண்டியது மனிதரின் நீதி. குருதி தரும் பாடமும் இதற்கு மாறானதன்று. உடன்பிறந்தவன் குருதி பொருந்தாத வேளையில், பெயரறியாத ஓர் அந்நியனின் குருதி ஒருவரைப் பிழைக்கவைக்கின்றது. அத்தகைய பெயரறியா மனிதர்கள் தந்த துளிகளைக் கொண்டே ரூத் சாங்கர் அம்மையார் தமது வாழ்நாட் பணியைச் செய்தார். குருதி கொடுக்கும் வாய்ப்பு வரும்போது எம்மவர் தயங்காது முன்வருதல், அவரது பணிக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.